மருத்துவ ஆய்வும் நூலகமும்: ஆய்வு நிதி விண்ணப்பத்தில் நூலகப் பணிக்கு இடம் அளிப்பது நோயாளிகளுக்கு ஏன் முக்கியம்?

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடியும் இடத்தில் அமைந்துள்ளது ஆரம்பாக்கம். அதன் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. ஏரியை நம்பி இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழும் மீனவக் குப்பங்களில் மருத்துவ முகாம் நடத்தும்போது, நீரிழிவு, இரத்த அழுத்தம், காசநோய், தோல் நோய் ஆகியவற்றுடன் வேறொரு முறையீடும் எங்கள் காதில் விழும். ஒரு முகாமில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் கேட்டது இது: "போன தடவையும் வந்து ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாங்க டாக்டரம்மா. அதுல என்ன தெரிஞ்சுதுன்னு யாரும் வந்து சொல்லலையே. இப்ப மறுபடியும் எதுக்கு?"

இது நியாயமான கேள்வி. ஏற்கெனவே விடை தெரிந்த ஒன்றுக்காக மக்களிடம் மீண்டும் இரத்தம் எடுப்பது தவறு. எடுத்த பின் முடிவைச் சொல்லாமல் விடுவதும் தவறு. இவ்விரண்டையும் தடுக்கும் வழிகளுள் ஒன்று, பலரும் எண்ணிப் பார்க்காத ஓர் இடத்தில் இருக்கிறது. அது மருத்துவக் கல்லூரியின் நூலகம். ஆய்வுக்கு நிதி கோரும் விண்ணப்பத்திலேயே நூலகரின் பணியும் அதற்கான செலவும் எழுதப்பட்டிருந்தால், பங்கேற்கும் நோயாளிக்கு அது எவ்வாறு பாதுகாப்பாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வு நிதி விண்ணப்பம் என்றால் என்ன?

மருத்துவர்களோ அறிவியலாளர்களோ ஓர் ஆய்வைத் தொடங்கும் முன், அதற்கான நிதியைக் கோரி ஒரு விரிவான விண்ணப்பத்தை எழுதுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போன்ற அரசு அமைப்புகளுக்கு அது அனுப்பப்படுகிறது. பொதுவாக அதில் பின்வரும் பகுதிகள் இருக்கும்:

- ஆய்வின் கேள்வி என்ன, அது ஏன் தேவை?
- இதே கேள்வியைப் பற்றி இதுவரை செய்யப்பட்ட ஆய்வுகள் எவை, அவை கூறுவது என்ன?
- யாரிடம், எத்தனை பேரிடம், எவ்வாறு தகவல் அல்லது மாதிரி பெறப்படும்?
- பங்கேற்போருக்கு ஏற்படக்கூடிய இடர்கள் எவை, அவற்றைக் குறைக்கும் வழி என்ன?
- செலவு எவ்வளவு? பணியாளர் ஊதியம், கருவிகள், சோதனைகள், பயணம் முதலியன.

இரண்டாவது பகுதியைக் கவனியுங்கள். 'இதுவரை என்ன தெரிந்திருக்கிறது' என்பதைச் சரியாக எழுதினால்தான் மற்ற பகுதிகள் சரியாக அமையும். ஏற்கெனவே அறியப்பட்ட இடரை ஆய்வாளர் அறியாமல் விட்டால், உங்களிடம் தரப்படும் தகவல் தாளிலும் அந்த இடர் எழுதப்பட்டிருக்காது. உங்கள் ஒப்புதலின் அடித்தளமே அப்போது பழுதாகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் 12 பொதுக் கோட்பாடுகளை வகுத்துள்ளன. அவற்றுள் முதலாவது 'இன்றியமையாமை'. இதுவரை உள்ள அறிவு அனைத்தையும் கருதிப் பார்த்து, மனிதர்களை ஈடுபடுத்தாமல் இக்கேள்விக்கு விடை காண இயலாது என்று தெளிந்த பின்னரே அவர்களை ஆய்வில் சேர்க்க வேண்டும் என்பது அதன் பொருள். உலக மருத்துவச் சங்கம் 1964-இல் ஏற்றுக்கொண்ட ஹெல்சிங்கி அறிவிப்பும், மனிதர் மீதான ஆய்வு முந்தைய அறிவியல் வெளியீடுகளைப் பற்றிய முழுமையான அறிவின் மேல் அமைய வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

இருக்கும் அறிவை எல்லாம் தேடிக் கண்டெடுப்பது யார்? அதற்கெனப் பயிற்சி பெற்றவர் நூலகர்.

மருத்துவ நூலகர் என்ன செய்கிறார்?

நூலகர் என்றதும் புத்தகங்களை அடுக்கி வைப்பவர், அட்டையில் முத்திரை இடுபவர் என்ற எண்ணமே பலருக்கு எழுகிறது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியது. மருத்துவத்தில் சேமிக்கப்படும் நேரம் சில வேளைகளில் ஓர் உயிராகவும் இருக்கலாம்.

ஓர் ஆய்வில் மருத்துவ நூலகர் ஆற்றக்கூடிய பணிகள் இவை:

- முன்னாய்வுத் தேடல்: பப்மெட், எம்பேஸ், காக்ரேன் நூலகம் முதலிய தரவுத்தளங்களில் தேடுதல். ஒரே நோய்க்குப் பல பெயர்கள் இருப்பதால், எல்லாப் பெயர்களையும் உரிய பொருட்சொற்களையும் இணைத்துத் தேடுதல்.
- தேடலைப் பதிவு செய்தல்: எந்தத் தரவுத்தளத்தில், எந்த நாளில், எந்தச் சொற்களால் தேடினோம் என்பதை எழுதிவைத்தல். பிறர் அதே தேடலைச் செய்து சரிபார்க்க இது உதவும்.
- முழுக் கட்டுரைகளைப் பெறுதல்: சுருக்கத்தை மட்டும் படித்து முடிவு செய்யாமல், பழைய ஆய்விதழ்களையும் ஆய்வேடுகளையும் பிற நூலகங்களிலிருந்தேனும் வரவழைத்தல்.
- தரவைப் பாதுகாத்தல்: பெயர், முகவரி நீக்கப்பட்ட ஆய்வுத் தரவை எங்கே, எத்தனை ஆண்டுகள், யார் பொறுப்பில் வைப்பது என்று திட்டமிட உதவுதல்.
- முடிவுகளைத் திறந்து வைத்தல்: கட்டுரையின் படியை நிறுவனத்தின் மின்களஞ்சியத்தில் சேர்த்து, கட்டணமின்றி எவரும் படிக்கச் செய்தல்.

அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2011-இல் வெளியிட்ட தர நெறிகள், முறையான மீளாய்வு செய்வோர் நூலகர் அல்லது தகவல் வல்லுநருடன் சேர்ந்து தேடலைத் திட்டமிட வேண்டும் எனப் பரிந்துரைத்தன. முறையான மீளாய்வு என்பது, ஒரு கேள்வியைப் பற்றிய ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி எடைபோட்டு முடிவு கூறும் ஆய்வு ஆகும். பொது மருத்துவ ஆய்விதழ்களில் வந்த இத்தகைய மீளாய்வுகளை ஒப்பிட்ட 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்று, நூலகர் இணையாசிரியராக இருந்தவற்றில் தேடல் முறை மேலான தரத்தில் விளக்கப்பட்டிருந்ததைக் காட்டியது.

ஓர் ஊர், பல பெயர்கள்

தேடல் எளிய வேலை என்று தோன்றலாம். நம் பகுதியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பழவேற்காடு ஏரிப் பகுதி மக்களின் உடல்நலம் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

ஆங்கிலக் கட்டுரைகளில் இவ்வூர் 'புலிகாட்' என்று எழுதப்படுகிறது. 'பழவேற்காடு' என்பதையே ஆங்கில எழுத்தில் பலர் பலவாறு எழுதுகின்றனர். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997-இல் உருவானது. அதற்கு முன் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அதையும் பழைய ஆங்கில ஆவணங்கள் 'சிங்கிள்புட்' என்றே குறிக்கின்றன. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. அங்குள்ள சூளூர்ப்பேட்டை 2022 வரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஏரியின் இரு கரையிலும் ஒரே நீர், ஒரே மீன், ஏறத்தாழ ஒரே வாழ்க்கை. ஆயினும் 'திருவள்ளூர்' என்ற ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடுபவருக்கு இவற்றுள் பெரும்பாலானவை கண்ணில் படா.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய முதல் ஆய்வு முன்மொழிவில் சோதனைப் பொருள்களுக்கும் பயணத்துக்கும் செலவு காட்டினேன். நூலகத்துக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை. முன்னாய்வுத் தேடலை ஓர் இரவில் நானே முடித்தேன். கிடைத்தவை மிகச் சில. 'இப்பகுதியில் இதுவரை எவரும் ஆராயாத கேள்வி' என்று துணிந்து எழுதினேன். பின்னர் ஒரு நூலகர் ஊரின் பழைய பெயர்களையும் மாவட்டத்தின் பழைய பெயரையும் சேர்த்துத் தேடிக் கொடுத்தபோது, நான் புதிது என எண்ணிய கேள்வியைப் பிறர் முன்பே கேட்டிருந்தது தெரிந்தது. அந்த முன்மொழிவை அப்படியே நடத்தியிருந்தால், விடை தெரிந்த கேள்விக்காக மீனவக் குடும்பங்களின் ஒரு நாள் தொழிலைக் கெடுத்திருப்பேன். பாட்டு முறைப்படி ஏரியில் வலையிடும் குடும்பத்துக்குத் தன் முறை வரும் நாள் எவ்வளவு முக்கியம் என்பது இப்பகுதியினர் அறிந்ததே.

தேடல் தவறினால் என்ன நேரும்?

*ஓர் உயிரிழப்பு, 2001*

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001-இல் ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வு நடந்தது. நல்ல உடல்நிலையில் உள்ள தன்னார்வலர்கள் ஹெக்சாமெத்தோனியம் என்னும் மருந்தை மூச்சின் வழியே உள்ளிழுக்க வேண்டும். அவ்வாறு உள்ளிழுத்த 24 வயதுப் பெண் ஒருவருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் தோன்றி, நுரையீரல் பழுதடைந்து, அவர் ஜூன் 2-ஆம் நாள் உயிரிழந்தார்.

அம்மருந்து முன்னர் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது அது நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்று 1950-களிலேயே கட்டுரைகள் வெளிவந்திருந்தன. ஆய்வாளர் பப்மெட் தரவுத்தளத்திலும் பாடநூல்களிலும் தேடினார். ஆனால் அந்நாளில் பப்மெட்டில் 1966-க்குப் பிற்பட்ட கட்டுரைகளே எளிதில் கிடைத்தன. பழைய கட்டுரைகள் நூலக அடுக்குகளிலும் அச்சிட்ட அட்டவணைகளிலும் இருந்தன. அங்கே தேடப்படவில்லை. அமெரிக்க அரசு அந்நிறுவனத்தில் அரசு நிதியுடன் மனிதர் மீது நடந்துவந்த ஏறத்தாழ எல்லா ஆய்வுகளையும் ஜூலை மாதத்தில் நிறுத்திவைத்தது. இந்நிகழ்வுக்குப் பின், ஆய்வுக்கு முன் நூலகரின் துணையுடன் தேடுவது பற்றிய பேச்சு உலகெங்கும் வலுப்பெற்றது.

*ஐம்பது ஆண்டுக்கால அறிவுரை*

மேலை நாடுகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்து உறங்கச் செய்யுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறப்பட்டது. அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் முறையாகத் தொகுத்த ஒரு மீளாய்வு 2005-இல் வெளிவந்தது. குப்புறப் படுக்கவைப்பது ஆபத்து என்பதற்கான சான்று 1970 அளவிலேயே இருந்ததை அது காட்டியது. அன்றே அச்சான்றுகளைத் தொகுத்துப் பார்த்திருந்தால், பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட, ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளின் இறப்பைத் தடுத்திருக்கக்கூடும் என்று அதை எழுதியோர் மதிப்பிட்டனர். சான்று நூலகங்களில் இருந்தது. தேடித் தொகுக்க ஆளில்லை.

(பெற்றோர் கவனத்துக்கு: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை எப்போதும் மல்லாந்த நிலையில் உறங்க வையுங்கள்.)

நம் மாவட்டம் உலகுக்குக் கொடுத்த பாடம்

உலக மருத்துவத்தை மாற்றிய இரு பெரும் ஆய்வுகள் நம் அருகிலேயே நடந்தவை.

முதலாவது, சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தின் ஆய்வு. இன்று அது சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அக்காலத்தில் காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்தே சிகிச்சை அளிக்க வேண்டும் என்று கருதினர். வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டாலும் நோய் குணமாகும், அதனால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்பதை இந்த ஆய்வு 1959-இல் வெளிவந்த முடிவுகளால் நிறுவியது. இன்று ஆரம்பாக்கத்து நோயாளி தன் வீட்டில் தங்கிச் சிகிச்சை பெற முடிவதற்கு அந்நாளில் பங்கேற்ற சென்னை நோயாளிகளும் காரணர்.

இரண்டாவது, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி இப்பகுதியில் தடுக்கவில்லை என்பது முடிவு. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. பாதுகாப்பு அளிப்பது பிற ஆய்வுகளால் அறியப்பட்டுள்ளதால், பிறந்தவுடன் அதைப் போடுவது இன்றும் தொடர்கிறது. உங்கள் குழந்தைக்குத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைக் காண வேண்டும். இந்த ஆய்வு உலக ஆவணங்களில் 'சிங்கிள்புட்' என்ற பெயரிலேயே பதிவாகியுள்ளது. இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் இட்டுத் தேடும் ஓர் இளம் ஆய்வாளர் இதைத் தவறவிடக்கூடும். நம் தாத்தா பாட்டிமார் காலத்தில் இத்தனை லட்சம் பேர் தம் கையை நீட்டிக் கொடுத்த அறிவு, ஓர் ஊர்ப்பெயரின் மாற்றத்தால் மறைந்துவிடக் கூடாது. அதை மறையாமல் காப்பது நூலகத்தின் வேலை.

விண்ணப்பத்தில் நூலகப் பணிக்கென எவை எழுதப்பட வேண்டும்?

'நூலக உதவி பெறப்படும்' என்று ஒரு வரி எழுதினால் போதாது. பெயரளவில் எழுதப்பட்ட உதவி, வேலைப்பளு கூடும்போது முதலில் கைவிடப்படும். பின்வருவன தெளிவாக இடம்பெறுதல் நல்லது:

1. ஆள்: எந்த நூலகர், ஆய்வுக் குழுவில் என்ன பொறுப்பில் உள்ளார்? அவருடைய ஒப்புதல் கடிதம் இணைக்கப்பட்டுள்ளதா?
2. நேரம்: தேடலுக்கும் பதிவுக்கும் அவர் எத்தனை வாரங்கள் செலவிடுவார்? அதற்கான ஊதியப் பங்கு எந்தச் செலவுத் தலைப்பில் உள்ளது? முறையான மீளாய்வு ஒன்றைப் பதிவு செய்தது முதல் வெளியிடும் வரை சராசரியாக 67 வாரங்கள் ஆவதாக 2017-இல் வெளிவந்த கணக்கீடு கூறுகிறது. இதை ஓய்வு நேரத்தில் இலவசமாகச் செய்து முடிக்க எவராலும் இயலாது.
3. கட்டுரைகள்: நூலகத்தில் இல்லாத கட்டுரைகளையும் பழைய ஆய்வேடுகளையும் வரவழைக்கும் செலவு.
4. தரவுச் சேமிப்பு: தரவைப் பாதுகாப்பாக வைக்கும் இடம், காலம், பொறுப்பாளர், செலவு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2023 ஜனவரி 25 முதல், நிதி கோருவோர் தரவு மேலாண்மைத் திட்டத்தை விண்ணப்பத்துடன் தர வேண்டும் எனவும், அதற்கான செலவை வரவு செலவுத் திட்டத்தில் காட்டலாம் எனவும் விதித்துள்ளன.
5. வெளியீடு: கட்டுரையை எவரும் படிக்கும் வகையில் வெளியிடவும், மின்களஞ்சியத்தில் சேர்க்கவும் ஆகும் செலவு. இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில் அறிவித்த கொள்கை, தம் நிதியால் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகள் களஞ்சியங்களில் திறந்து வைக்கப்பட வேண்டும் என்கிறது.
6. ஊருக்கு முடிவு சொல்லுதல்: முடிவுகளை எளிய தமிழில் எழுதி, அச்சிட்டு, ஊர்க் கூட்டத்தில் வாசிக்கும் செலவு. எல்லைப் பகுதி என்பதால் தெலுங்கிலும் தேவைப்படலாம்.

ஆறாவது செலவு மிகச் சிறியது. பெரும்பாலும் விடுபடுவதும் அதுவே. முகாமில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு விடை இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இந்தியாவில் என்னென்ன வசதிகள் உள்ளன?

- ஒரே நாடு ஒரே சந்தா: 2024 நவம்பர் 25-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம். 2025 முதல் 2027 வரையான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் உள்ளோர் படிக்க இது வழிசெய்கிறது.
- சோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேர்க்கப்படும் மின்களஞ்சியம். எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.
- இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு: 2007-இல் தொடங்கப்பட்டது. மருந்து, சிகிச்சை ஆய்வுகளை இதில் பதிவு செய்வது 2009 ஜூன் 15 முதல் கட்டாயமாக்கப்பட்டது. 2018 ஏப்ரல் முதல், ஆய்வு தொடங்கும் முன்னரே பதிவு செய்ய வேண்டும். பொதுமக்களும் இதில் தேடிப் பார்க்கலாம்.
- மருத்துவக் கல்லூரி நூலகங்கள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் மருத்துவருக்குத் தனி நூலகம் கிடையாது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி போன்ற கல்லூரிகளுடன் இணைந்து விண்ணப்பித்தால் அவற்றின் நூலக உதவியைத் திட்டத்திலேயே சேர்க்க இயலும்.

ஆய்விதழ்கள் கிடைப்பது வேறு, அவற்றில் சரியானதைத் தேடி எடுப்பது வேறு. ஏரி நிறைய மீன் இருந்தாலும், வலையும் வலை வீசத் தெரிந்த கையும் வேண்டும். சந்தாத் திட்டம் ஏரியைத் திறந்துவிட்டது. கைக்கு ஊதியம் தருவதை ஆய்வு விண்ணப்பம்தான் செய்ய வேண்டும்.

ஆய்வுக் குழு உங்களிடம் வந்தால் கேட்க வேண்டியவை

கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அன்று. அது உங்கள் உரிமை. நல்ல ஆய்வாளர் அதை வரவேற்பார்.

- இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே எங்கேனும் விடை கண்டுள்ளார்களா? எங்கள் பகுதியில் முன்பு ஆய்வு நடந்ததா?
- முந்தைய ஆய்வுகளைத் தேடியவர் யார்? நூலகரின் உதவி பெறப்பட்டதா?
- இந்த மருந்து அல்லது சோதனையால் முன்பு எவருக்கேனும் தீங்கு நேர்ந்ததாகத் தெரிந்துள்ளதா?
- நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உள்ளதா? அக்குழுவை எந்தத் தொலைபேசி எண்ணில் அணுகலாம்?
- மருந்து அல்லது சிகிச்சை ஆய்வாயின், பதிவேட்டின் பதிவு எண் என்ன?
- என் இரத்த மாதிரியும் தகவலும் எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும்?
- முடிவை எங்களுக்கு எப்போது, எந்த மொழியில், யார் வந்து சொல்வார்?

இவற்றின் விடைகள் தகவல் தாளில் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்க இயலாதவருக்கு, ஆய்வுக் குழுவைச் சேராத நடுநிலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் முழுவதும் வாசித்துக் காட்டிய பின்னரே கைரேகை பெறப்பட வேண்டும்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

*ஆய்வில் சேர மறுத்தால் எனக்குச் சிகிச்சை கிடைக்காதா?*
கட்டாயம் கிடைக்கும். ஆய்வில் சேர்வது முற்றிலும் உங்கள் விருப்பம். சேர்ந்த பின்னும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது.

*ஒருமுறை நடந்த ஆய்வை மீண்டும் நடத்துவது எப்போதுமே தவறா?*
இல்லை. ஓரிடத்தில் கிடைத்த முடிவு வேறிடத்தில் பொருந்தாமல் போகலாம். பி.சி.ஜி. ஆய்வே அதற்குச் சான்று. மீண்டும் செய்வதற்கான காரணத்தை, முந்தைய ஆய்வுகளைச் சுட்டிக்காட்டி விளக்க வேண்டும். காரணம் கூற இயலாத மறுஆய்வே வீண்.

*கணினியும் செயற்கை நுண்ணறிவும் இருக்கும்போது நூலகர் எதற்கு?*
அவை தேடலை விரைவாக்கும். ஆனால் இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் அவை காட்டிய நிகழ்வுகள் உண்டு. கணினியில் ஏறாத பழைய ஆவணங்களை அவை அறியா. சரிபார்க்கும் மனிதர் ஒருவர் தேவை.

*நூலகத்துக்குச் செலவிடும் பணத்தை மருந்துக்குச் செலவிடலாமே?*
ஆய்வு நிதி மருந்து வழங்கும் நிதியிலிருந்து வேறானது. விடை தெரிந்த கேள்விக்காக முழு ஆய்வையும் நடத்தி வீணாக்கும் தொகையோடு ஒப்பிட்டால், நூலகப் பணிக்கு ஆகும் செலவு சிறு பங்கே.

*குழந்தையை ஆய்வில் சேர்க்கக் கேட்டால்?*
பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. ஏழு வயது நிறைந்த குழந்தையாயின், அக்குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும்.

*ஆய்வின்போது எனக்குத் தீங்கு நேர்ந்தால்?*
உடனே ஆய்வாளருக்கும் அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கும் தெரிவியுங்கள். ஆய்வால் நேர்ந்த தீங்குக்குக் கட்டணமில்லாச் சிகிச்சையும் இழப்பீடும் பெற உங்களுக்கு உரிமை உண்டு. நெறிமுறைக் குழுவையும் நேரடியாக அணுகலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

- மருத்துவ ஆய்வுகள் தேவை. அவற்றில் பங்கேற்பது சமூகத்துக்குச் செய்யும் தொண்டு. அத்தொண்டு வீணாகாமல் காப்பது ஆய்வாளரின் கடமை.
- ஆய்வு தொடங்கும் முன், முந்தைய ஆய்வுகள் அனைத்தும் முறையாகத் தேடப்பட வேண்டும். அதற்கு நூலகரின் துணை வேண்டும்.
- அத்துணைக்கான ஆள், நேரம், செலவு ஆகியவை நிதி விண்ணப்பத்திலேயே எழுதப்பட வேண்டும்.
- தகவல் தாளைப் படிக்காமல் அல்லது படிக்கக் கேட்காமல் கையொப்பம் இடாதீர்கள். அதன் ஒரு படியைக் கேட்டுப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.
- முடிவை வந்து சொல்லுமாறு கேளுங்கள்.

முகாமில் கேள்வி கேட்ட அந்தத் தாயிடம் அன்று என்னால் முழுமையான விடை கூற இயலவில்லை. முன்பு எடுத்த இரத்தத்தின் முடிவு எந்த நிறுவனத்தின் எந்தக் கோப்பில் உள்ளது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதன்பின் நான் எழுதும் ஒவ்வொரு முன்மொழிவிலும் நூலகருக்கு ஓர் இடமும், ஊருக்கு முடிவு சொல்லும் நாளுக்கு ஒரு தொகையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்களிடம் வரும் ஆய்வாளரின் விண்ணப்பத்திலும் அவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். பலர் கேட்டால், எழுதும் வழக்கம் தானாக வரும்.

ஆய்வில் பங்கேற்பது பற்றி ஐயம் இருப்பின், உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரை அணுகுங்கள். பொதுவான உடல்நல ஆலோசனைக்குத் தமிழ்நாடு அரசின் 104 தொலைபேசிச் சேவையை அழைக்கலாம்.